கூலிக் கொப்பி

மாசி 4. சதாலட்சுமி வளவு. கொடித்தோடை, எண்பது கொடி.
மாசி 5. அதே வளவு, மிச்சம்.
மாசி 7. மரியதாஸ் தோட்டம், நூற்றுநாற்பது.
மாசி 9. காய்ச்சல். போகவில்லை.
மாசி 11. தெய்வேந்திரத்தார், நெத்தலியாற்றுக்கு அந்தப் பக்கம்.
இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.
பக்கத்தில் காசு. காசுக்குப் பக்கத்தில் ஒரு சரி.

ஆனியில் விவசாயப் போதனாசிரியர் வந்தார்,
மோட்டார் சைக்கிளை வெயிலிலேயே விட்டுவிட்டு.
சதாலட்சுமியின் பந்தலில் ஓர் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
பச்சைக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் பச்சை,
தேமல் படர்ந்த கன்னம் மாதிரி.
காயை அறுத்தார். கத்தி பாதியில் நின்றது.
தோல் பலகைத் தடிப்பு.
உள்ளே ஒரு தேக்கரண்டிச் சாறு தேறாது.

"வைரசு. இதுக்கு மருந்தில்லை.
பிடுங்கி எரிக்கவேணும்."
பிறகு, ஒருவரையும் பார்க்காமல்,
"அழுக்கணவனும் காவும்.
வெட்டுற கத்தரிக்கோலும் காவும்."

அது என் இடுப்பில் உறைக்குள் கிடந்தது.
அன்று விடியத்தான் கல்லில் தீட்டினேன்.
மயிரை வைத்தால் இரண்டாகும்.
கூர் என்றால் சுத்தம் என்று
இத்தனை வருசம் நினைத்திருக்கிறேன்.

இரவு கொப்பியை விரித்தேன்.
முதலில் சதாலட்சுமி. பிறகு மரியதாஸ்.
பிறகு ஆற்றைத் தாண்டி.
நான் போன ஒழுங்கிலேயே போயிருக்கிறது நோய்,
எனக்குப் பின்னால், சாப்பாட்டுப் பெட்டி தூக்கிக்கொண்டு வருகிற
இன்னொரு கூலிக்காரி போல.
காய்ச்சலில் கிடந்த நாள் பவளராணியின் முறை.
அவளுடைய கொடிகள் இன்றைக்கும் கரும்பச்சை.
அழுக்கணவனாயும் இருக்கலாம்.
ஆனால் அழுக்கணவனிடம் கொப்பி இல்லை.

பிடுங்குகிற வேலைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
சதாலட்சுமியிடம் காசு வாங்கவில்லை.
ஏன் என்று கேட்டாள்.
முதுகு நோகிறது, அரைநாள்தானே செய்தேன் என்றேன்.
மரியதாஸிடம் வாங்கினேன்.
கரண்ட் பில் சிவப்பு மையில் வந்திருந்தது.

தருமபுரம் சந்தியில் குளோரின் போத்தல் ஒன்று.
இன்னொரு கத்தரிக்கோல், இரண்டு நாள் கூலி.
ஒரு பேணி குளோரினுக்கு ஒன்பது பேணி தண்ணீர்.
மூடியைத் திறந்ததும் முகாம் வந்தது,
தாங்கித் தண்ணீர், வரிசை, மஞ்சள் கலன்கள்.
அந்த மணத்தை வெறுத்துக்கொண்டே குடித்தோம்.
குடித்ததால் வயிற்றோட்டத்தில் போகாமல் இருந்தோம்.
இப்போது இரும்பைக் குடிக்க வைக்கிறேன்.

முதலில் பாலைத் துடைக்கவேணும், மண்ணையும்.
அழுக்கோடு முக்கினால் அழுக்கே மருந்தைத் தின்றுவிடும்.
ஒன்று வாளியில் கிடக்கும், ஒன்று கையில் வெட்டும்.
அடுத்த கொடிக்கு மாற்றிப் பிடி.
வெயில் ஏறினால் பழையதை ஊற்றிவிட்டுப் புதிதாய்க் கலக்கு.
பின்னேரம் கழுவித் தேங்காயெண்ணெய் பூசு,
இல்லாவிட்டால் விடியும்போது துரு.

தெய்வேந்திரத்தார் வரம்பில் நின்று சிரித்தார்.
"பரமாயி, கொடி வெட்ட வந்தனியோ,
ஆஸ்பத்திரி நடத்த வந்தனியோ?"
மலையில் எங்கள் ஆட்கள் இந்த வேலையைக் கவ்வாத்து என்பார்கள்.
அங்கேயும் கங்காணி இப்படித்தான் நின்றிருப்பான்.
நான் வாளியை நிழலுக்கு இழுத்தேன்.

சட்டையில் தெறித்த இடமெல்லாம் சாயம் போய்
பச்சையில் வெளிறிய திட்டுத் திட்டாய்.
"என்னக்கா, உங்களுக்கும் அந்த வருத்தமோ?"
பவளராணி படலையைத் திறந்துகொண்டே கேட்டாள்.
அவள் வீட்டுக்குத்தான் முதலில் வந்திருந்தேன்.
நோயில்லாத தோட்டம் காலையில்,
மற்றதெல்லாம் பிறகு.

கொப்பியைப் பற்றி அவளிடம் சொல்லத் தொடங்கினேன்.
"தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுச் சொல்லுங்கோ."
குடித்தேன்.
முழங்கை வரை கழுவினேன்.
முதல் கொடிக்குக் கீழே போய் நிமிர்ந்தபோது
கத்தரிக்கோல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.